பாங்காக்கிலிருந்து வந்த நிலவேம்பு: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், தாய்லாந்து அரசு மருத்துவமனைகளில் சளிக்கும் மூட்டுவலிக்கும் மூலிகை மாத்திரையைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. குடியாத்தம், ஆரணி, ஆற்காடு, திருப்பத்தூர் என்று நம் வட ஆற்காடு முழுக்க, பாங்காக்கிலிருந்து வந்த மூலிகை டப்பா யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது போலும்.

எனக்கும் இந்த விஷயத்தில் பழைய ஒட்டுதல் உண்டு. வேலூரில் 31 வருஷம் பி.பார்ம் பிள்ளைகளுக்கு மூலிகை மருந்துப் பாடம் எடுத்தவள் நான். 2018-ல் மகள் பாங்காக்கில் வேலையில் இருந்தபோது இரண்டு மாதம் அவளோடு தங்கினேன். கடற்கரைக்கும் கடைவீதிக்கும் போயிருக்க வேண்டிய நாட்களில் மருத்துவமனை வாசல்களிலும் மருந்துக் கடைகளிலும் நின்றுகொண்டிருந்தேன். அங்கே பார்த்ததையும், வகுப்புக்காகப் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் சித்தப்பா மகன் பாங்காக்கில் நகைப் பட்டறையில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது நாலு டப்பா கேப்ஸ்யூல் கொடுத்துவிட்டுப் போனான். 'ஃபா தலாய் ஜோன்' என்று பெயராம். காய்ச்சல், தொண்டைவலி என்றால் அங்கே எல்லோரும் இதைத்தான் போடுகிறார்களாம். கொரோனாவையே தடுத்தது என்கிறான். இந்த மூலிகை நம் பக்கம் கிடைக்குமா மேடம்?
வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, அந்தக் கேப்ஸ்யூல் ஒன்றைத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை ஊசி முனையளவு நாக்கில் வையுங்கள். பெயர் உங்களுக்கே தெரிந்துவிடும். டெங்கு வந்த வருஷங்களில் பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் அண்டாவில் காய்ச்சி டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார்களே, அதே கசப்பு. ஃபா தலாய் ஜோன் என்பது நம் நிலவேம்புதான். தாவர நூலில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. அவர்கள் வைத்த பெயருக்கு 'வானமே திருடரை அழிக்கும்' என்பது போலப் பொருள் வரும் என்று மகள் குடியிருந்த வீட்டுக்காரம்மா சொன்னார். நாம் நிலத்தைச் சேர்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் வானத்தைச் சேர்த்து வைத்தார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. நம் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று சேர்த்து மொத்தம் 9 சரக்கு. அவர்களுடைய கேப்ஸ்யூலில் நிலவேம்பு ஒன்றுதான். அதனால் அங்கே செய்த சோதனையின் முடிவைக் கொண்டுவந்து நம் குடிநீருக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

தொண்டைவலிக்கு அவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. 1991-ல் வெளியான ஒரு சோதனையில், தொண்டையும் டான்சிலும் அழற்சி கண்டு வந்த 152 பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பாராசிட்டமால், சிலருக்குத் தினம் 3 கிராம் நிலவேம்பு, சிலருக்கு 6 கிராம். 7 நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தபோது 6 கிராம் சாப்பிட்டவர்களுக்கும் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கும் காய்ச்சலும் வலியும் நன்றாக இறங்கியிருந்தன. 3 கிராம்காரர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் நாள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள்.

இந்தச் சோதனையை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த 3-க்கும் 6-க்கும் நடுவில்தான் என் பாடம் முழுக்க இருந்தது. செடி ஒன்றே, அளவு பாதியானதும் பலன் மாறிவிட்டது. 'நிலவேம்பு நல்லதா மேடம்' என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எத்தனை கிராம், எத்தனை நாள், எந்த நோய்க்கு, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்? இதைக் கேட்காமல் எந்த மூலிகையையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல எனக்கு மனசு வராது.

கொரோனா விஷயத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பரில் தாய்லாந்து அரசு, லேசான கொரோனாவுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க அனுமதித்தது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற சத்தைக் கணக்கிட்டு, தினம் 180 மில்லிகிராம் வீதம் 5 நாள். சிறைக் கைதிகளுக்கும் கொடுத்தார்கள். ஒரு சோதனையில் 29 பேருக்கு மருந்தும் 28 பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை, மற்றவர்களில் 3 பேருக்கு வந்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆனால் 2021 ஆகஸ்டில் ஆய்வு செய்தவர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புள்ளிவிவரக் கணக்கில் பிழை. சரியாகக் கணக்குப் போட்டால், அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்றாகிவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டார்களே என்று அவர்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியதுதான் உண்மை. ஆனால் உங்கள் தம்பி சொல்வது போல 'கொரோனாவையே தடுத்தது' என்று சொல்ல அந்தச் சோதனையில் இடமில்லை.

கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. உடம்பில் தடிப்பு கிளம்பினால் உடனே நிறுத்துங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கும், ருமாட்டிக் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம் என்று தாய்லாந்தின் மருந்துப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்குத் தொண்டையில் சீழ் பிடித்துக் காய்ச்சல் அடித்தால் கஷாயத்தோடு வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கிடைக்குமா என்று கேட்டீர்கள். வேலூர் லாங்கு பஜாரில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். உங்கள் கடிதம் வந்த பிறகு நானே போய் ஒரு கட்டு வாங்கி வந்து, தரையில் பேப்பர் விரித்துப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி நாலு பட்டையான தண்டு. இலை என்று பொறுக்கியது ஒரு கைப்பிடி தேறவில்லை, அதுவும் பழுப்பேறி நொறுங்கியது. காய்கள் வெடித்து விதை பேப்பரில் உருண்டது. பூவெடுக்கும் சமயத்தில் அறுக்க வேண்டிய செடியை, காய் முற்றி வெடிக்கும்வரை விட்டு அறுத்திருக்கிறார்கள். சத்து அதிகம் இருப்பது இலையில்தான், வைத்திருக்க வைத்திருக்க அதுவும் குறைந்துகொண்டே போகும். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, வந்த சரக்கைத்தான் அவர் விற்கிறார். ஆனால் அந்தக் கட்டைக் கொதிக்க வைத்தால் டம்ளருக்குள் எவ்வளவு சத்து இறங்கும் என்று என்னாலும் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. உங்கள் தம்பி கொண்டுவந்த டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறதா என்று.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. தோல் ஷெட்டில் நின்றபடியே 20 வருஷம் வேலை செய்தவர். சிக்குன்குனியா வந்துபோனதிலிருந்து மூட்டு சரியில்லை, இப்போது முழங்கால் தேய்மானம் என்கிறார்கள். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. தாய்லாந்தில் மஞ்சளையே மூட்டுவலிக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களாமே? நாங்களும் தினம் பாலில் மஞ்சள் போட்டுத் தருகிறோம், ஒன்றும் குறையவில்லையே?
வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அம்மா குடிக்கிற பாலில் மஞ்சள் எவ்வளவு போடுகிறீர்கள்? கால் ஸ்பூன் இருக்குமா? ஒரு முழு டீஸ்பூன் என்றே வைத்துக்கொள்வோம், 3 கிராம். நல்ல மஞ்சளில் குர்குமின் வகைச் சத்து நூற்றுக்கு 3 பங்கு. ஆக, 90 மில்லிகிராம்.

தாய்லாந்தில் பாங்காக் சிரிராஜ் மருத்துவமனை முன்னின்று நடத்திய சோதனை 2014-ல் வெளியானது. முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேர். பாதிப் பேருக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை தினம் 1,200 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சாறு தினம் 1,500 மில்லிகிராம், 4 வாரம். வலி, விறைப்பு, நடமாட்டம் எல்லாவற்றையும் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் மஞ்சள் சாறு ஐபுப்ரோஃபெனுக்குச் சளைக்கவில்லை. வயிற்று வலியும் வயிற்று உபத்திரவமும் ஐபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். உங்கள் அம்மாவின் கஷ்டத்துக்கு நேராக வந்து விழும் சோதனை இது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். அந்த 1,500 மில்லிகிராமும் குர்குமின் வகைச் சத்து என்றே வைத்துக்கொண்டால், பாலில் கிட்டத்தட்ட 17 டீஸ்பூன் மஞ்சள் கரைக்க வேண்டும். யாராலும் குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது. சமையல் மஞ்சள் சமையலுக்கு. சோதனையில் கொடுத்தது அளந்து பிரித்தெடுத்த மருந்து. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பாலில் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை, அதிலிருந்து முழங்காலுக்கு மருந்தை எதிர்பார்க்காதீர்கள் என்கிறேன்.

மாத்திரையாக வாங்குவதென்றால் அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் வேண்டாம். உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகுச் சத்தைச் சேர்த்து விற்கும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் மூட்டுவலி. ஒரு திருவிழாக் கடையில் மிளகு உருண்டை மாதிரி கறுப்பு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார், 'மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது' என்று சொல்லி விற்றார்களாம். மூன்றாம் நாள் எழுந்து கோலம் போட்டார். வீடே சந்தோஷப்பட்டது. ஆறு மாதத்தில் முகம் முழு நிலா மாதிரி உப்பிவிட்டது, சர்க்கரை ஏறியது, கையில் லேசாக இடித்தாலும் கன்றிப்போய் நீலம் பாய்ந்தது. நான் பாடம் நடத்துகிறவள், பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பரிசோதித்த டாக்டரும் அதையே சொன்னார்: உருண்டையில் ஸ்டீராய்டு. அதை உடனே நிறுத்தவும் முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே கொண்டுவர நாலு மாதம் ஆனது. பெரியம்மா அந்த வருஷம் சிரித்து நான் பார்க்கவில்லை.

இந்தக் கஷ்டம் தாய்லாந்திலும் உண்டு. அங்கே கிராமங்களில் 'யா லுக் க்ளோன்' என்ற உருண்டை மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோனும் பிரெட்னிசோலோனும் கலந்து விற்பதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காக அவர்களுடைய மருத்துவ அறிவியல் துறை, மாத்திரையைக் கரைத்து ஒரு சின்னப் பட்டையில் சொட்டு விட்டால் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பெட்டியைச் செய்து கொடுத்திருக்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துபோனால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஆரணியில் சின்னதாகப் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன் அம்மா. தாய்லாந்து மூலிகை மூட்டை ஒத்தடம் என்று சென்னையில் பெரிய தொகை வாங்குகிறார்கள். அதில் என்ன இருக்கிறது? நம்மால் செய்ய முடியுமா?
வாசகி, ஆரணி

பதில்: முடியும். 'லுக் பிரகோப்' என்று அதற்குப் பெயர். பாங்காக்கிலிருந்து கிழக்கே பிராச்சின்புரி என்ற ஊரில், மூலிகை மருந்துக்குப் பேர்போன சாவ் பிராயா அபைபூபெட் மருத்துவமனை இருக்கிறது. 1909-ல் கட்டிய மஞ்சள் நிற மாளிகை ஒன்று அதன் வளாகத்தில் நிற்கிறது. அங்கே ஒரு வயதான பெண் இந்த மூட்டை கட்டுவதை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் முன்னால் ஏழெட்டுத் தட்டு. பெரிய தட்டில் பிளாய், அதாவது இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு, வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும், இஞ்சியும் கற்பூரமும் கலந்த மாதிரி மணம். பிறகு மஞ்சள், எலுமிச்சைப்புல், ஒரு வகை எலுமிச்சையின் மேடு பள்ளமான தோல், புளிய இலை, கல்லுப்பு, கற்பூரம். இன்னொரு தட்டிலிருந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன், சீகைக்காய் இலை! அங்கே 'சோம் போய்' என்கிறார்கள். நம் சீகைக்காய் அங்கே முதுகுக்கு ஒத்தடமாகிறது. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் கொட்டி, நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி உள்ளே தள்ளினார். துணியின் மிச்சத்தை முறுக்கிக் கயிறு சுற்றியதும் அதுவே கைப்பிடி ஆகிவிட்டது. 15, 20 நிமிஷம் ஆவியில் வைத்தார். எடுத்ததும் முதலில் தன் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் நோயாளியின் முதுகில். முதலில் தொட்டும் தொடாமலும் எடுத்தார், சூடு தணியத் தணிய அழுத்தி நிறுத்தினார்.

சாத்துவாச்சாரிக்குத் திரும்பி வந்ததும் பொங்கலுக்குக் கட்டிய மஞ்சள் கொத்தின் கிழங்கு, இஞ்சி, கொல்லையில் இருந்த எலுமிச்சைப்புல், புளிய இலை, நாரத்தைத் தோல், கல்லுப்பு, ஒரு துண்டு கற்பூரம் எல்லாம் போட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டி, இட்லிப் பானையில் வைத்து எடுத்தேன். பிளாய் இல்லாவிட்டாலும் சுகமாகத்தான் இருந்தது. நம் வீடுகளில் நொச்சி இலையை வதக்கிக் கட்டுகிற ஒத்தடம் இதற்கு அக்கா தங்கை முறை.

ஆராய்ச்சியும் இருக்கிறது. 2014-ல் வெளியான ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 60 பேரில் சிலருக்கு மசாஜ், சிலருக்கு இந்த மூட்டை ஒத்தடம், சிலருக்கு ஐபுப்ரோஃபென் என்று 3 வாரம் கொடுத்தார்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு வலியைக் குறைத்தன. நல்ல செய்திதான். ஆனால் சூடான மூட்டையை முதுகில் வைத்துவிட்டு 'இது மருந்தில்லாத மூட்டை' என்று நோயாளியிடம் மறைப்பது கஷ்டம். சூட்டின் பலன் எவ்வளவு, மூலிகையின் பலன் எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. பிளாய்க்குத் தனியாகவே அங்கே நல்ல பெயர். அதன் எண்ணெய் 14 சதவீதம் சேர்த்த க்ரீம் சுளுக்குக்கு அவர்களுடைய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

பார்லரில் செய்யும்போது சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் அம்மா. பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். இன்றைக்கு விழுந்து இன்றைக்கே வீங்கிய காலுக்குச் சூடு வைக்காதீர்கள், காய்ச்சல்காரர்களுக்கும் வேண்டாம். ஒருவருக்கு வைத்த மூட்டையை இன்னொருவருக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு நெஞ்சிலிருந்து முதுகுவரை அக்கி. குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வந்தோம். தாய்லாந்தில் இதற்கு ஒரு இலை க்ரீம் உண்டாமே?
வாசகர், ஆற்காடு

பதில்: உண்டு, 'பயா யோ' என்ற செடி. நிலவேம்பும் ஆடாதோடையும் சேர்ந்த அதே குடும்பம். 1990-களில் அக்கிக்கும் ஹெர்பிஸ் புண்ணுக்கும் அந்த க்ரீமைத் தடவிப் பார்த்துப் புண் சீக்கிரம் ஆறுவதாக எழுதினார்கள். கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சோதனைகள்தான். நாம் அக்கி என்பதை அவர்கள் பாம்பின் பெயரால் சொல்கிறார்கள், வரிசையாகப் படர்வதால்.

காவி எழுதியதில் எனக்கு வருத்தமில்லை, எரிச்சலுக்கு ஈர மண் குளிர்ச்சி. ஆனால் அக்கி என்பது சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்புவது. அதை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 3 நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும். அதனால் இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணோரத்திலோ வந்தால் அதே நாளில் கண் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: 'கிராச்சாய்' என்ற தாய்லாந்துக் கிழங்கு கொரோனா வைரஸைக் கொன்றது என்று படித்தேன். புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாமா மேடம்?
கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: விரல் விரலாக நீண்டிருக்கும் கிழங்கு அது, அவர்கள் குழம்பில் போடுவது. மஹிடோல் பல்கலைக்கழகத்தார் 2020-ல் 122 தாய்லாந்து இயற்கைப் பொருட்களைச் சோதித்ததில் இந்தக் கிழங்கின் சாறும் அதிலுள்ள பாண்டுராட்டின்-ஏ என்ற பொருளும் வைரஸ் பெருகுவதை அடக்கின. குரங்குச் சிறுநீரகச் செல்லிலும், மனிதச் சுவாசப்பாதைச் செல்லிலும் பார்த்தார்கள். இரண்டும் கண்ணாடித் தட்டில் வளர்த்தவை. குழம்பில் சாப்பிட்டால் அந்த அளவு சத்து ரத்தத்தில் ஏறுமா என்பது வேறு கேள்வி. புராஜெக்ட் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதல் வேலையாகச் செடியைச் சரியாக அடையாளம் கண்டு, உலர்த்தி, ஹெர்பேரியம் தாளில் ஒட்டி வையுங்கள். 31 வருஷத்தில் எத்தனையோ நல்ல புராஜெக்டுகள் 'எந்தச் செடி' என்ற முதல் கேள்வியிலேயே சரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'குவாவ் குருவா' மாத்திரை சாப்பிட்டால் இளமை திரும்பும், மார்பு எடுப்பாகும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். எனக்கு 49 வயது. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. சாப்பிடலாமா?
வாசகி, திருப்பத்தூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அது வடதாய்லாந்துக் காட்டில் கிடைக்கும் பயறுக் குடும்பத்துக் கொடியின் கிழங்கு. 1931-லேயே அங்கே இதை இளமை மருந்தாகச் சொல்லிச் சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் மிரோஎஸ்ட்ரால் என்ற பொருள் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனைப் போலவே உடம்பில் வேலை செய்யும், அதுவும் பலமாக. மூலிகை என்ற பெயரில் ஹார்மோன் சாப்பிடுவதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும். அக்காவுக்கு வந்ததை டாக்டரிடம் சொல்லி, உங்கள் மார்பகத்தையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைக்குச் செலவழிக்க இருந்த பணம் அதற்கு உதவட்டும்.

கேள்வி: கடுக்காய், நெல்லி, தான்றி எல்லாம் நம்மிடமிருந்து போனவைதானே? நம் சரக்கை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வாணியம்பாடி

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் எனக்கும் இருந்தது. பாங்காக்கில் வாட் போ கோயிலில் நிற்கும்போது அது அதிகமானது. சயனக் கோலத்தில் 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கும் கோயில். 1830-களில் அவர்களுடைய மூன்றாம் ராமா மன்னர் மருத்துவ அறிவையெல்லாம் கல்லில் வெட்டி அங்கே பதித்து வைத்தார், யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளலாம் என்று. பளிங்குப் பலகைகளில் மனித உருவம், உடம்பு முழுக்க நாடிக் கோடுகள். வழிகாட்டிப் பெண் அவற்றின் பெயரைச் சொன்னாள்: இத்தா, பிங்கலா, சுமனா. இடகலை, பிங்கலை, சுழுமுனை! எனக்கு மெய் சிலிர்த்தது. டாக்டருக்கு அவர்கள் சொல் 'பேட்', அது வைத்தியர் என்பதன் வழியில் வந்தது. மசாஜ் பள்ளியில் பாடம் தொடங்கும் முன் புத்தர் காலத்து வைத்தியர் ஜீவகரைக் கும்பிடுகிறார்கள். திரிபலாவுக்குப் பெயர்கூட மாறவில்லை.

ஆனால் பிளாயும் பயா யோவும் அவர்கள் மண்ணில் அவர்கள் கண்டுகொண்டவை. நாம் பஞ்சபூதம் என்போம், அவர்கள் மண், நீர், காற்று, தீ என்று நாலோடு நிறுத்திக்கொள்வார்கள். வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நான் பெரிதாகப் பேசுவது அந்தச் சரக்கைப் பற்றி அல்ல, பிற்பாடு அவர்கள் செய்த வேலையைப் பற்றி. நவீன மருத்துவமனையிலேயே உட்கார்ந்து, மூலிகையை நிறுத்து, நோயாளிகளை எண்ணி, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, தேறியதைத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2002-ல் எல்லோருக்கும் காப்பீடு வந்த பிறகு, வயல்வேலை செய்கிறவரும் பெரிய கைக்காசு செலவில்லாமல் அந்த மருந்தை வாங்கிக்கொள்ள முடிகிறது. பிராச்சின்புரியில் மருந்து வாங்கும் ஜன்னலில் நின்ற ஒரு பாட்டியின் பையில் பிரஷர் மாத்திரையும் மஞ்சள் கேப்ஸ்யூலும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் எழுதியது ஒரே டாக்டர். நாட்டு மருந்தைச் சொன்னால் இங்கிலீஷ் டாக்டர் திட்டுவார், இங்கிலீஷ் மருந்தைச் சொன்னால் நாட்டு வைத்தியர் திட்டுவார் என்று நம் பாட்டிகள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்களே, அந்தப் பயம் அங்கே அவரிடம் இல்லை.

கடுக்காய் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பேரணாம்பட்டில் தோல் ஷெட்டில் கடுக்காய்க் கிடங்கு பார்த்தவர். ஜவ்வாது மலையிலிருந்து மூட்டை வந்தால், ஒரு பிடி எடுத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பார். உள்ளே மஞ்சளாக, பூச்சி அரிக்காமல் இருந்தால்தான் மூட்டை உள்ளே போகும். கறுத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். தோலைப் பதனிடவே இத்தனை பார்த்து எடுத்தார் ஐயா. வயிற்றுக்குள் போகும் கடுக்காய்ப் பொடியை நாம் யாராவது உடைத்துப் பார்த்து வாங்குகிறோமா?

கேள்வி: மகன் அடுத்த மாதம் பாங்காக்கிலிருந்து வருகிறான். பிளாய்க் கிழங்கு நாலு கொண்டுவரச் சொல்லித் தோட்டத்தில் நடலாமா?
வாசகர், போளூர்

பதில்: வேண்டாம். முளைக்கும் கிழங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முன்அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் வேண்டும். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் கிழங்கோடு வரும் அழுகல் நோய் உங்கள் பக்கத்து மஞ்சள் வயலுக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? அவன் பிளாய் க்ரீம் ஒரு டப்பா வாங்கி வரட்டும். தோட்டத்தில் இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் வையுங்கள், வேலியோரம் ஒரு நொச்சி. நிலவேம்பு விதை கேட்டால் என்னிடம் இருக்கிறது, அன்று பேப்பரில் உருண்டதைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.